கைவேலையின் விலை

கைவேலையை மதிப்பவர் யார்? கண்டு வியப்பவரா, உரிய விலை கொடுப்பவரா? இருவரும் ஒருவரே என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். எங்கள் ஆதம்பாக்கத்திலும் ஆரி வேலை, லேஸ் பின்னல் என்று வீட்டிலிருந்தே செய்யும் தாய்மார்கள் உண்டு. வாங்க வருவோர் வாயாரப் புகழ்வார்கள். விலையைச் சொன்னதும், "வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் போடுவதுதானே!" என்பார்கள். பல நாள் உழைப்பு அந்தச் 'சும்மா'வில் கரைந்துவிடுகிறது.

நாகர்கோவிலில் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், லண்டன் மிஷனைச் சேர்ந்த மால்ட் அம்மையார் பள்ளிச் சிறுமியருக்கு லேஸ் பின்னக் கற்பித்தார். ஐரோப்பியச் சீமாட்டிகள் அதை விரும்பி வாங்கினர். அன்றைய திருவிதாங்கூரில் அடிமைத்தளையில் இருந்த பெண்கள் சிலர், அந்த வருவாயைக் கொண்டு தம் விடுதலையையே விலைக்கு வாங்கினார்கள். நூலும் ஊசியும் செய்த காரியம் இது!

அதே நூற்றாண்டில் மிஷனரிகள் வழியாகவே ஆந்திரத்து நரசாப்பூருக்கும் லேஸ் வந்தது. அங்கே கதை வேறாயிற்று. ஜெர்மானியச் சமூகவியல் அறிஞர் மரியா மீஸ் அப்பகுதிப் பெண்களை ஆராய்ந்து 1982இல் ஒரு நூல் வெளியிட்டார். வியாபாரி தரகர் மூலம் நூலை அனுப்புவார்; பின்னி முடித்த லேஸைத் தரகர் எடுத்துச் செல்வார்; அது கடல் கடந்து போகும். கோஷா முறையில் வாழ்ந்த குடும்பத்துப் பெண்களும் இதில் ஈடுபட்டிருந்தனர். வீட்டு வேலைகளுக்கு மேல் நாள்தோறும் பல மணி நேரம் பின்னியும், அவர்கள் பெற்றது குறைந்தபட்சக் கூலிக்கு வெகு கீழே. உழைப்பாளியென்று அவர்களை எவரும் எண்ணவில்லை. இல்லத்தரசியின் பொழுதுபோக்கு என்றே கருதினர். தம் லேஸ் எங்கே, என்ன விலைக்குப் போகிறது என்பதை அப்பெண்கள் அறியார்.

இவ்வறியாமையை நம் ஃபிக்ஹு நூல்கள் எளிதாக விட்டுவிடவில்லை. சரக்குடன் வரும் வணிகக் கூட்டத்தை, அவர்கள் சந்தை நிலவரம் அறியுமுன் வழியிலேயே எதிர்கொண்டு வாங்குவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படி விற்றவருக்கு, சந்தையை அடைந்ததும் அவ்வியாபாரத்தை முறித்துக்கொள்ளும் உரிமையையும் வழங்கினார்கள். இதனைக் 'கியார்' என்பர். விற்பவர் மனமொப்பித் தந்தாரே என்று வாங்கியவர் வாதிட இடமில்லை. நிலவரம் அறியாதவரின் சம்மதம் அரைச் சம்மதமே.

ஒட்டகக்காரர் இன்றில்லையேல் நாளை சந்தையை அடைவார். வாசற்படி தாண்டாமல் பின்னிக்கொண்டிருக்கும் பெண் எந்தச் சந்தையை அடைவாள்? எந்த நாளில் தன் கியாரைக் கோருவாள்? தரகருக்கு இலாபம் கூடாதென்று நான் சொல்லவில்லை. அலைச்சலுக்கும் நட்ட அச்சத்துக்கும் அவருக்குப் பங்குண்டு. விலை நிலவரத்தை மறைப்பதற்கு எந்தப் பங்கும் இல்லை.

வாங்குவோரும் இதில் ஒதுங்கி நிற்க இயலாது. இயந்திர லேஸ் மலிவானது. கையில் காசு குறைவாக உள்ளவர் அதை வாங்குவதில் குற்றமென்ன? ஆனால் கைப்பின்னலைக் கையில் ஏந்தி, அதன் நுணுக்கத்தைப் புகழ்ந்துவிட்டு, இயந்திரத்தின் விலையைக் கூறுகிறோமே, அங்கேதான் வழக்கு இருக்கிறது.

நரசாப்பூர் லேஸுக்கு 2024இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரின் பெயருக்குக் காவல் வந்துவிட்டது. பின்னியவள் எத்தனை நாள் பின்னினாள் என்பது அந்தக் குறியீட்டில் இராது. வாங்குபவர்தாம் கேட்டறிய வேண்டும்.