கடிகாரமும் கர்த்தாவும்

பிறரை வெல்ல வேண்டும் என்று ஓடுகிறவனைக் காட்டிலும் தன்னையே வெல்ல வேண்டும் என்று ஓடுகிறவன் உயர்ந்தவன் என்பது நம் காலத்தில் ஏறக்குறைய யாரும் ஆட்சேபிக்காத ஒரு கொள்கையாகிவிட்டது. முன்னவனிடம் அசூயை உண்டு, பின்னவனிடம் அது இல்லை. முன்னவனுடைய ஜயம் இன்னொருவனுடைய தோல்வியின்மேல் நிற்பது, பின்னவனுடைய ஜயத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆகவே பின்னவன் செய்வது போட்டியே அன்று, ஒருவகைத் தவம் என்றுகூடச் சொல்லுகிறார்கள். கேட்பதற்கு இனிமையான இந்தக் கொள்கையை முழுவதும் ஏற்றுக்கொள்ள எனக்குத் தயக்கமாக இருக்கிறது. அந்தத் தயக்கம் நியாயமானதுதானா என்று சோதித்துப் பார்க்க, மத்திம தூர டிரையத்லான் என்ற பந்தயத்தைப்போல் வாய்ப்பான இடம் வேறொன்று இருப்பதாகத் தெரியவில்லை.

இந்தப் பந்தயத்தில் 1.9 கிலோமீட்டர் நீந்தி, கரையேறிய ஈரம் உலர்வதற்குள் 90 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, அதிலிருந்து இறங்கியவுடன் 21.1 கிலோமீட்டர் ஓடி முடிக்க வேண்டும். நடுவே காலணி மாட்டுவதற்கு ஆகும் வினாடிகளைக்கூடக் கணுக்காலில் கட்டிய மின்னணுச் சிப் விடாமல் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். மொத்தத் தூரம் மைல் கணக்கில் 70.3 ஆவதால் அந்த எண்ணே பந்தயத்துக்குப் பெயராகவும் வழங்குகிறது. 1978-ஆம் ஆண்டு ஹவாயின் ஓவாஹு தீவில் 15 பேர் புறப்பட்டு 12 பேர் முடித்தார்களே, அந்த அயர்ன்மேன் பந்தயத்துக்கு இன்று வகுத்துள்ள தூரத்தில் இது சரிபாதி. நம் நாட்டில் கோவாவின் மிராமார் கடற்கரையில் 2019-இல் இது முதன்முதலாக நடந்தது. எத்தனை பேர் கடலில் இறங்கினாலும் முதலிடத்துக்கு உரியவர் ஒருவரே. வயதுப் பிரிவுகளின் மேடைகளைச் சேர்த்துக்கொண்டாலும் பரிசு பெறுவோர் சிலரே. எஞ்சியவர்களுக்கு எதிராளி என்று ஒருவர் வேண்டுமானால் அவர் சென்ற ஆண்டு இதே தூரத்தைக் கடந்த தாமேதான்.

அந்த எதிராளி எப்படிப்பட்டவர் என்று பார்க்க வேண்டும். பக்கத்து ஊர்க்காரன் நம்மை முந்திவிட்டான் என்றால் அவன் கண்ணுக்கு மறைந்த பிறகாவது மனம் சற்று அடங்கும். ஐந்து மணி நாற்பத்தொரு நிமிஷம் என்று தன் பெயருக்கு எதிரே பதிந்துவிட்ட ஓர் எண்ணோ, அலுவலகத்திலும் உணவு வேளையிலும் உறக்கத்திலும்கூட உடனிருந்து, ஒரு நிமிஷமாவது குறை, ஒரு நிமிஷமாவது குறை என்று நச்சரித்துக்கொண்டே இருக்கும். பிறரோடு எனக்குப் போட்டியே இல்லை என்று சொல்லுகிற அதே மனிதர், பேச்சு எங்கே தொடங்கினாலும் தம்முடைய நேரத்தில் கொண்டுவந்து முடிப்பதை நாம் பார்க்காமலில்லை. பதினான்காம் நூற்றாண்டில் உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் ஆணவ மலத்தைப் பற்றி ஒரு நுட்பம் சொல்லியிருக்கிறார்: இருள் பிற பொருள்களை மறைத்தாலும் தான் இருப்பதையேனும் காட்டிவிடும், ஆணவமோ பிறவற்றையும் மறைத்துத் தன்னையும் மறைத்துக்கொள்ளும். பிறரை வெல்ல நினைக்கிறவனுடைய அகங்காரம் ஊரறிந்தது, அவனே அறிந்தது. தன்னை வெல்லப் புறப்பட்டவனுடைய அகங்காரம் அடக்கம் என்ற வேஷத்தில் வருவதால் அதை அடையாளம் காண அவனுக்கே நெடுநாள் ஆகிறது.

இனி, அந்த எண் யாருடையது என்ற கேள்விக்கு வருவோம். எந்தக் கர்மமும் நிறைவேற ஐந்து காரணங்கள் வேண்டும் என்று கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் வகுக்கிறது: இடமாகிய சரீரம், கர்த்தா, பல்வேறு கருவிகள், பலவிதமான முயற்சிகள், ஐந்தாவதாகத் தெய்வம். ஐந்தையும் விட்டுவிட்டுத் தான் ஒருவனே கர்த்தா என்று எண்ணுகிறவன் உள்ளதைக் காணாதவன் என்றும் அது தொடர்ந்து சொல்லுகிறது. குருக்ஷேத்திரத்தில் தேரின்மேல் சொன்னதாக வரும் இந்தப் பகுப்பு, சைக்கிள்மேல் குனிந்திருப்பவனுக்கு எவ்வளவு பொருந்துகிறது! அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்து அகஸ்டா நகரில் நடக்கும் 70.3 பந்தயத்தில் நீச்சல், சவன்னா நதியின் ஓட்டத்தோடேயே அமைந்திருப்பதால், சாதாரண நீச்சல்காரரும் தம் ஆற்றலுக்கு மீறிய நேரத்தோடு கரையேறுகிறார். 2019-இல் உலகப் போட்டி நடந்த பிரான்சின் நீஸ் நகரிலோ, சைக்கிள் பாதை கோல் த வான்ஸ் என்ற மலையேற்றத்தின் வழியே சென்றதால், சமவெளியில் பழகிய நல்ல வீரரும் அங்கே பல நிமிஷங்களை இழந்திருப்பார். ஒரே மனிதர் இரண்டு இடத்திலும் போட்டியிட்டு, நதி தந்த நிமிஷங்களைத் தம் சாதனை என்றும், மலை பறித்த நிமிஷங்களைத் தம் தோல்வி என்றும் எழுதிக்கொள்வாரானால் அவரைப் பற்றி என்ன சொல்வது? காற்றின் திசை, கடலின் நீரோட்டம், அன்றைய வெயில், டயரில் ஏறாமற்போன ஆணி, சைக்கிளுக்குக் கொட்டிக் கொடுத்த பணம் ஆகியவை அத்தனையும் அந்த எண்ணுக்குள் இருக்கின்றன. கர்த்தா ஐந்தில் ஒரு பங்குக்குத்தான் உரியவர். முன்னே செல்பவருடைய முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு காற்றைத் தவிர்ப்பதை இந்தப் பந்தயத்தின் விதி தடுக்கிறது. விலகியே செல்ல வேண்டும், மீறினால் நேரத் தண்டனை உண்டு. ஆக, தெய்வத்தின் பங்கை ஒவ்வொருவரும் தனித்தனியே மார்பில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது இங்கே எழுதப்பட்ட விதியாகவே இருக்கிறது!

அப்படியானால் கடிகாரத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, வந்த நேரம் வரட்டும் என்று ஓட வேண்டியதுதானே என்று கேட்கலாம். நிஷ்காம கர்மத்துக்கு இப்படிப் பொருள் சொல்லுகிறவர்கள் உண்டு. சோம்பலுக்கு இதைவிடச் சௌகரியமான வியாக்கியானம் கிடைக்காது. ஸிஸெரோ எழுதிய நூல் ஒன்றில் ஸ்டோயிக் மதத்தை எடுத்துரைக்கும் கேட்டோ, வில்லாளியை உதாரணமாகக் காட்டுகிறார்: குறியைத் தைப்பதற்கு வேண்டியதையெல்லாம் செய்வதே அவனுடைய முடிவான லட்சியம், தைப்பது, அவனால் தேர்ந்துகொள்ளப்படுவதே ஒழிய, அந்த லட்சியமாகாது. குறியைப் பார்க்காமலே அம்பு விடுகிறவனை இந்த வாதம் காப்பாற்றுவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நேரத்தைக் குறி வைக்காத ஓட்டக்காரனுக்கு நிதானம் என்ற குணம் உண்டாக வழியே இல்லை. இந்தப் பந்தயத்தின் சூட்சுமமோ முழுவதும் நிதானத்தில் இருக்கிறது.

நீரிலிருந்து எழுந்து சைக்கிளில் ஏறியவுடன் கால்கள் புதியனவாக இருக்கும், சாலை சமமாக இருக்கும், பக்கத்தில் ஒருவர் சீறிக்கொண்டு போவார். பலனில் பேராசை கொண்டவன் அந்த இடத்திலேதான் தன் பலனை இழக்கிறான். தசைகளில் சேமித்து வைத்த சர்க்கரைச் சத்து சில மணி நேரத்துக்குமேல் தாங்காது. மணிக்கு 60 முதல் 90 கிராம் வரை உட்கொண்டாலும் செலவை அது ஈடுசெய்வதில்லை. சைக்கிளில் வாங்கிய கடனை ஓட்டத்தில் வட்டியோடு கட்டியாக வேண்டும். பதினைந்தாவது கிலோமீட்டரில் நடக்கத் தொடங்குகிறவர்களில் பலர் பலம் இல்லாதவர்கள் அல்லர், ஆசைப்பட்டவர்கள். சம்பா நகரத்துச் செல்வந்தர் மகனான சோணர் துறவு பூண்டு, பாதங்களில் ரத்தம் ஒழுகும்வரை நடைத் தியானம் செய்தும் சித்தி கிட்டாமல் வருந்தியபோது, இல்லறத்தில் வீணை வாசித்தவரான அவரிடம் புத்தர் தந்தியின் முறுக்கைப் பற்றிக் கேட்டதாக அங்குத்தர நிகாயத்தில் வருகிறது. மிகையாக முறுக்கினாலும் நாதமில்லை, தளரவிட்டாலும் நாதமில்லை. சோணரிடம் வைராக்கியம் குறைந்திருக்கவில்லை, அளவுதான் குறைந்திருந்தது.

வைராக்கியத்தைப் பற்றிப் பேசும்போது வீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். விடியற்காலையில் நீச்சலும், ஞாயிற்றுக்கிழமை முற்பகல் முழுவதும் சைக்கிளும் என்று பயிற்சிக்குப் போகும் மணிகள் ஆகாயத்திலிருந்து விழுவன அல்ல. குழந்தையைப் பள்ளிக்குத் தயார் செய்கிற இன்னொருவருடைய தோளிலிருந்து எடுக்கப்படுவன. யாருக்கும் நஷ்டமில்லாத ஜயம் என்று தொடக்கத்தில் சொன்னார்களே, அந்தக் கணக்கில் இந்தச் செலவு எழுதப்படவே இல்லை.

இவையெல்லாவற்றையும்விடக் கடினமான கேள்வி ஒன்று இருக்கிறது. தன் சிறந்த நேரம் என்பது குறைந்துகொண்டே போக முடியாது. சரீரம் உள்ள யாருக்கும் என்றோ ஒருநாள் கடைசிச் சிறந்த நேரம் வந்தே தீரும், அன்று எல்லைக்கோட்டைத் தாண்டிக் கைகளை உயர்த்தும்போது அதுவே கடைசி என்பது அவருக்குத் தெரிந்திருக்காது. அதற்குப் பிறகு ஆண்டுதோறும் அதே நீர், அதே சாலை, எண் மட்டும் பெரிதாகிக்கொண்டே போகும். முன்னேறுவதற்காகவே செய்த ஒரு காரியத்தை, இனி முன்னேற்றம் இல்லை என்று அறிந்த பிறகும் செய்வதற்குக் காரணம் உண்டா? இஸ்த்மியப் போட்டிகள் அருகிலேயே நடந்துவந்த கொரிந்து நகரத்தாருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் அடிகள், ஓட்டக்காரர்கள் பெறுவது அழிந்துபோகும் கிரீடம் என்று சுட்டுகிறார். தன்னோடு தான் போட்டியிடுகிறவனுடைய கிரீடம் அதைவிட விரைவில் வாடுகிறது, வாட்டுகிறவனும் அவனே. என் தீர்ப்பைச் சொல்வதானால், தவம் என்ற பெயருக்கு இந்த ஓட்டம் தகுதி பெறுவது இந்த இடத்துக்குப் பிறகே. அதுவரையில் அது நல்லதொரு ஆசை, ஒழுங்கான ஆசை, பல தீய ஆசைகளைத் தடுக்கும் ஆசை, அவ்வளவுதான்.

அந்த இடத்தைத் தாண்டியும் ஓடியவர்களில் ஒருவர், 1930-இல் பிறந்த மடோனா பூடர் என்ற கத்தோலிக்கக் கன்னியாஸ்திரீ. ஓட்டம் மனத்துக்கும் சரீரத்துக்கும் ஆத்மாவுக்கும் இசைவு தரும் என்று ஒரு பாதிரியார் சொல்லக் கேட்டு, 48-ஆம் வயதில் ஓடத் தொடங்கி, 50-ஐக் கடந்த பிறகு டிரையத்லானுக்கு வந்தார். மத்திம தூரம் மட்டும் அன்று, அதன் இருமடங்கான முழுத் தூரத்தையும் பல முறை முடித்தார். 2012-இல், 82-ஆம் வயதில், கானடாவில் நடந்த முழு அயர்ன்மேனை 17 மணி நேர வரம்புக்குள் முடித்தார். அவருடைய சொந்தச் சிறந்த நேரத்தைவிட அது வெகுவாகப் பின்தங்கிய நேரம்.