சவ்வில் பதித்த வெள்ளி

எங்கள் பங்கு இல்லத்தின் முற்றத்தில் குடிநீர் வடிகட்டும் கருவி ஒன்று உண்டு. பள்ளிப் பிள்ளைகளும் மாலைத் திருப்பலிக்கு வரும் முதியோரும் அதில் நீர் பிடிப்பது வழக்கம். சென்ற கோடையில் அதன் சவ்வுக்கூட்டை மாற்ற வந்த இளைஞர் புதிய கூட்டைக் காட்டி, "இதுல நானோ வெள்ளி இருக்கு சாமி, கிருமி ஒட்டவே ஒட்டாது" என்றார். குடத்தோடு நின்ற மூதாட்டி ஒருவர் விடவில்லை.

"வெள்ளி தண்ணியில எறங்குமா தம்பி?"

"எறங்காது பாட்டி."

"எறங்காமக் கெடந்தா கிருமி எப்பிடிச் சாகும்?"

இளைஞர் சிரித்துக்கொண்டே திருகை முடுக்கலானார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குருமடத்தில் பல ஆண்டுகள் தத்துவமும் இறையியலும் பயின்ற எனக்குத் தோன்றாத கேள்வி அவருக்குத் தோன்றிவிட்டது. அதனைத் தொடர்ந்து சில நூல்களைப் புரட்ட நேர்ந்தது. அவற்றில் கண்டதையும், அதனால் எழுந்த ஐயத்தையும் வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

சவ்வு என்று இங்கே கூறுவது ஒருவகை நெகிழித் தாளையே. பாலிசல்ஃபோன் போன்ற பொருளை ஒரு கரைப்பானில் கரைத்து, கண்ணாடிமேல் மெல்லிய படலமாகப் பரப்பி, அப்படியே நீரில் அமிழ்த்துவர். கரைப்பான் நீருக்குள் செல்லும். நீர் படலத்துக்குள் நுழையும். எண்ணற்ற நுண்துளைகளோடு தாள் இறுகிவிடும். நீரைத் தூய்மையாக்க வேண்டிய பொருள், பிறக்கும்போதே ஒரு தொட்டி நீரை மாசாக்கிவிட்டுத்தான் பிறக்கிறது! அது வேறு கதை. கடல்நீரை நன்னீராக்கும் முதல் பயனுள்ள சவ்வை 1960-ஐ ஒட்டி, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில், செல்லுலோஸ் அசிட்டேட்டைக் கொண்டு ஆக்கிக் காட்டியவர் இருவர்: சிட்னி லோப், இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜன். இரண்டாம் பெயரைக் கேட்டதும் திருக்கண்ணபுரத்துப் பெருமாளின் பெயர் நினைவுக்கு வராதோர் சோழநாட்டில் குறைவு.

பாலிசல்ஃபோனுக்கு ஒரு குறை உண்டு. அது நீரை விரும்பாது. எண்ணெய்ப் பசையுள்ளவற்றை ஈர்க்கும். ஆற்றுநீரின் மட்கும் கிருமிகளும் அதன்மேல் ஒட்டித் துளைகளை அடைக்கும். அடைப்பு மிகுந்தால் அழுத்தத்தைக் கூட்ட வேண்டும், மின்செலவு ஏறும், வேதிப்பொருளால் கழுவ வேண்டும், தாளும் விரைவில் கெடும். இதற்குத்தான் நானோ துகள்களைக் கலக்கின்றனர். ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறாக்கினால் கிடைக்கும் ஒரு கூறே நானோமீட்டர். அத்தகைய சில பத்து அளவுள்ள டைட்டானியம் ஆக்சைடு அல்லது சிலிக்காத் துகள்களைச் சிறிதளவு சேர்த்தால் தாளுக்கு நீர்மேல் விருப்பம் உண்டாகிறது. அழுக்கு எளிதில் ஒட்டுவதில்லை. அளவு மிஞ்சினால் துகள்கள் ஒன்றோடொன்று கூடிக் கட்டிதட்டித் தாளையே பழுதாக்கும். 2007-இல், அதே லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில், ஜியோலைட் என்னும் கனிமத்தின் நானோ துகள்களை உப்பு நீக்கும் சவ்வில் பதித்து, நீர் எளிதில் கடக்கும்படி செய்தனர்.

இத்துகள்கள் எல்லாம் தங்கியிருந்து உதவுபவை. அவற்றுள் ஒன்று வெளியேறினால் அது குற்றம், செய்முறையின் பிழை. வெள்ளி அப்படியன்று. வெள்ளித் துகள் கிருமியைக் கொல்வது பெரும்பாலும் மின்னேற்றம் பெற்ற வெள்ளி அணுக்களைத் தன்னிடமிருந்து நீரில் விடுவதால்தான். வெளியேறுவதே அதன் தொழில். மூதாட்டி சொன்னது முற்றிலும் சரி.

எனவே வெள்ளி பதித்த சவ்வு தீதானதா? அவ்வளவு எளிதில் தீர்ப்புச் சொல்ல இயலாது. குடிநீரில் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் வரை வெள்ளி இருந்தால் உடலுக்கு இடரில்லை என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் கருத்து. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பிரதீப் குழுவினர் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், அலுமினியச் சேர்மமும் இறால், நண்டு ஓடுகளிலிருந்து பெறப்படும் கைட்டோசானும் சேர்ந்த பொருளில் வெள்ளியைப் பதித்து, அவ்வரம்புக்குள் சீராக வெளியேறும்படி செய்திருக்கின்றனர். வெள்ளி இறங்காது என்று அவர்கள் சாதிக்கவில்லை. எவ்வளவு இறங்கும் என்று அளந்து சொன்னார்கள். இந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆயின் குடிப்பவருக்குத் தீங்கில்லை என்பதோடு கணக்கு முடிந்துவிடுமா? வெள்ளி சாக்கடைக்கும் செல்கிறது. அங்குள்ள கந்தகத்தோடு சேர்ந்து அதன் பெரும்பகுதி வீரியம் இழக்கிறது என்பது உண்மையே. எனினும் கிருமிகள் கற்றுக்கொள்ளக் கூடியவை. தீக்காயங்களுக்கு வெள்ளி மருந்து இடுவது நெடுநாள் வழக்கம். 1975-இல், அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் தீக்காயப் பிரிவில், வெள்ளிக்கு அஞ்சாத சால்மோனெல்லாக் கிருமிகள் தோன்றிய செய்தி வெளியாயிற்று. சிறு அளவில் ஓயாது வெள்ளியைச் சுவைக்கும் கிருமிகளிடையே அத்தகையவை தழைக்கக்கூடும் என்ற அச்சம் அறிஞரிடையே உண்டு.

இதைப் படித்தபோது ஒரு முகம் என் நினைவில் எழுந்தது. நோயில்பூசுதல் வழங்க ஒருமுறை தீக்காயப் பிரிவுக்குச் சென்றிருந்தேன். அடுப்பு வெடித்து மார்பும் கைகளும் வெந்த இளம்பெண். செவிலியர் அவள் மேனியெங்கும் வெண்ணிறக் களிம்பைப் பூசிக்கொண்டிருந்தார். என்ன மருந்து என்று கேட்டேன். "வெள்ளி கலந்தது ஃபாதர்" என்றார். எண்ணெய் தொட்ட என் விரலை வைக்க அவளிடம் நெற்றி மட்டுமே மிஞ்சியிருந்தது.

அறநெறி இறையியலில் இருவிளைவுக் கோட்பாடு என்று ஒன்று பயின்றோம். தற்காப்புக்காகப் போரிடுவோன் எதிரியைக் கொல்ல நேர்ந்தால் அது பாவமா என்று ஆராய்கையில், ஒரே செயலுக்கு நாடிய விளைவும் நாடாத விளைவும் இருக்கலாம் என்று புனித தாமஸ் அக்குவினா விளக்கினார். தீய விளைவே நன்மைக்கு வழியாகக் கூடாது, தீமையை ஏற்கத் தக்க காரணம் வேண்டும் எனப் பின்வந்தோர் விதிகளை வகுத்தனர். வெள்ளி முதல் விதியில் தேறிவிடும். நாம் நாடுவது தூய நீரைத்தான், சாக்கடைக் கிருமியின் வீரத்தை அன்று. இரண்டாம் விதியில்தான் நான் தயங்குகிறேன். அக்குவினாவின் எடுத்துக்காட்டில் அடிபடுபவன் தாக்க வந்தவன். இங்கே நன்மை பெறுபவர் குழாயடியில் நிற்கும் நாம். இழக்கக்கூடியவரோ, நம்மைத் தாக்காத, நம்மை அறியாத, களிம்பு வேண்டிக் கட்டிலில் கிடக்கும் ஒருவர். அவரிடம் நாம் இசைவு கேட்கவில்லை.

வெள்ளத்தில் கிணறும் சாக்கடையும் கலந்துவிட்ட ஊரில், விறகும் மின்சாரமும் அற்ற இடத்தில், வயிற்றுப்போக்கால் பிள்ளைகள் மடியும்போது வெள்ளிச் சவ்வைக் கொடுப்பதில் எனக்கு எள்ளளவும் தயக்கமில்லை. மறுப்பதே அங்கே குற்றமாகும். ஆனால் எங்கள் முற்றத்துக்கு வருவது நகராட்சி குளோரின் கலந்து அனுப்பும் ஆற்றுநீர். அதற்குச் சாதாரணச் சவ்வே போதும். சவ்வை வேளாவேளைக்குக் கழுவும் சோம்பலைத் தவிர, வெள்ளிக்கு அங்கே நான் காட்டக்கூடிய காரணம் எதுவும் இல்லை. கடையில் இரண்டுக்கும் ஒரே பெட்டி, ஒரே படம். எந்த நீருக்கு எது வேண்டும் என்று பெட்டி சொல்வதில்லை. எவ்வளவு வெள்ளி இறங்கும் என்றும் சொல்வதில்லை.

இளைஞரை மறுபடி அழைத்து, வெள்ளி இல்லாத கூடு கிடைக்குமா என்று கேட்டேன். வியப்போடு பார்த்தார். "இருக்கு சாமி, வெல கூடக் கம்மிதான். யாரும் கேக்குறதில்ல. சொல்லி வரவழைக்க ஒரு வாரம் ஆகும்" என்றார். மாலையில் மூதாட்டி வந்தபோது செய்தியைச் சொல்லி, அதுவரை நீரைக் காய்ச்சிக் குடிக்குமாறு கேட்டுக்கொண்டேன்.

"நா எப்பவும் காய்ச்சித்தான சாமி குடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டார்.