கருவியும் கரமும்: ஓர் அறவியல் நோக்கு

மனித வரலாற்றை மிகுதியும் மாற்றிய எளிய கருவி யாது என்ற வினா அறிஞர் அவைகளிலும் மாணவர் விவாத மேடைகளிலும் நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வருவதொன்றாகும். சக்கரமே என்பர் ஒருசாரார். கலப்பையே என்பர் இன்னொருசாரார். ஊசியின்றிக் குளிர்நாடுகளில் மனிதன் குடியேறியிருத்தல் அரிது என வாதிடுவாரும் உளர். இவ்விடைகளின் பின்னால் ஒரு பொதுவான எடுகோள் உண்டு. கருவி தோன்றுகின்றது, அதன் விளைவாகச் சமுதாயம் மாறுகின்றது என்பதே அது. இவ்வெடுகோள் எவ்வளவிற்குப் பொருந்தும் என்பதையும், ‘மாற்றம்’ என நாம் கூறுமிடத்து யாருடைய வாழ்வின் மாற்றத்தைக் கருதுகின்றோம் என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிற் சக்கரத்தை நோக்குவோம். மெக்சிக்கோவின் வெராக்குரூஸ் பகுதியில், ஐரோப்பியர் வருகைக்கு முற்பட்ட காலத்தைச் சேர்ந்த, சக்கரங்கள் பூட்டிய சிறு களிமண் விலங்குருவங்கள் கிடைத்துள்ளன. சக்கரம் உருளும் தத்துவத்தை அம்மக்கள் அறிந்திருந்தனர் என்பது இதனாற் பெறப்படும். ஆயினும் அங்கு வண்டிகள் வழக்கிலிருந்தமைக்குச் சான்றில்லை. பாரமிழுக்கும் மாடோ குதிரையோ அவர்களிடம் இருக்கவில்லை. சுமைகள் மனித முதுகிலேயே சென்றன. அறியப்பட்ட கருவியாயினும், அதனைப் பயன்கொள்ளும் சூழல் அமையாதவிடத்து அது வரலாற்றை அசைப்பதில்லை.

அங்கவடி பற்றிய விவாதமும் இதனையே உணர்த்துகின்றது. குதிரைவீரன் காலூன்றும் இச்சிறு வளையமே மேற்கைரோப்பாவில் நிலமானிய முறை உருவாகக் காரணமாயிற்று என்ற கருத்தினை லின் வைட் 1962இல் வெளியிட்ட தமது நூலில் முன்வைத்தார். அடுத்த ஆண்டிலேயே சோயர், ஹில்ற்றன் ஆகிய இருவரும் அதனைக் கடுமையாக மறுத்தனர். அங்கவடியைக் கையாண்ட சமுதாயங்கள் யாவும் நிலமானியச் சமுதாயங்களாக மாறிவிடவில்லை என்பதனை நோக்கின் அம்மறுப்பின் வலிமை புலனாகும்.

அவ்வாறாயின் கருவிகளுக்கு வரலாற்றில் இடமே இல்லையா? உண்டு. ஆனால் அவ்விடத்தைக் கருவியின் உறுப்புகளிலன்றி, அதனைச் சூழ்ந்த மனித உறவுகளிலேயே தேடுதல் வேண்டும். இதற்குத் திரிகையின் வரலாறு தக்க சான்றாகும்.

கைத்திரிகையை நிலமானியச் சமுதாயத்துடனும் நீராவி ஆலையை முதலாளித்துவச் சமுதாயத்துடனும் இணைத்து மார்க்ஸ் 1847இல் எழுதினார். ஆயின் இங்கிலாந்தின் செயின்ற் ஆல்பன்ஸ் நகரில் நிகழ்ந்தது இவ்விணைப்பு அத்துணை எளிதன்று என்பதைக் காட்டுகின்றது. அந்நகரத்தார் மடத்திற்குச் சொந்தமான ஆலைகளிலேயே தம் தானியத்தை அரைத்து, அதற்குரிய பங்கினைச் செலுத்துதல் வேண்டுமென மடம் வற்புறுத்திற்று. அவர்களோ வீடுகளிற் கைத்திரிகைகளை வைத்து அரைத்து வந்தனர். 1330களின் தொடக்கத்தில் மடாதிபதி ரிச்சார்ட் அத்திரிகைக் கற்களைப் பறிமுதல் செய்து, மடத்தின் கூடமொன்றிற்குத் தளமாகப் பதித்தார். ஏறத்தாழ அரை நூற்றாண்டின் பின்னர், 1381இல் எழுந்த குடியானவர் கிளர்ச்சியின்போது, மக்கள் மடத்தினுட் புகுந்து அத்தளத்தைப் பெயர்த்துக் கற்களை உடைத்துத் துண்டுகளைத் தம்முட் பகிர்ந்துகொண்டனர். இம்மடாதிபதி ரிச்சார்டே வியத்தகு வானியற் கடிகாரமொன்றை அமைத்தவரென விஞ்ஞான வரலாற்றிற் போற்றப்படுபவர் என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. கருவி நுட்பத்தில் தலைசிறந்த ஒருவரே எளியோரின் கருவியைப் பறித்தவராகவும் இருந்தார்.

நிலமானியப் பிரபுவின் அதிகாரத்திற்குத் துணைநின்றது இங்கு ஆலை. அவ்வதிகாரத்தை எதிர்த்தோரின் சின்னமாயிற்று கைத்திரிகை. உடலுழைப்பைக் குறைக்கும் பொறியினை விடுத்து, உழைப்பை மிகுவிக்கும் கருவிக்காக மக்கள் போராடியது அறியாமையால் என்று கொள்ளுதல் தவறு. அவர்கள் மறுத்தது ஆலையையன்று. ஆலையைப் பயன்படுத்தியே ஆகவேண்டும் என்ற கட்டளையையும் அதற்கு விதிக்கப்பட்ட விலையையுமே ஆகும்.

எனினும் கைத்திரிகையை விடுதலையின் வடிவமெனப் போற்றிவிடவும் இயலாது. சிரியாவின் அபு ஹுரெய்ரா என்னும் தொன்மையான குடியிருப்பிற் கிடைத்த எலும்புகளை ஆராய்ந்த தீயா மொலேசன், கால்விரல், முழந்தாள், கீழ்முதுகு ஆகியவற்றில் தேய்வும் உருத்திரிபும் இருப்பதை 1994இல் விளக்கினார். மண்டியிட்டு நாள்தோறும் நெடுநேரம் கல்லில் தானியம் அரைத்ததன் தழும்புகள் அவை. அவை பெரும்பாலும் பெண்களின் எலும்புகளிலேயே காணப்பட்டன. வேளாண்மையின் தோற்றத்தை மனிதகுலத்தின் மாபெரும் வெற்றியாக நூல்கள் விதந்துரைக்கின்றன. அவ்வெற்றி உணவாக மாறுவதற்கு யாருடைய முழந்தாள்கள் தேய்ந்தன என்பதை அவ்வெலும்புகளே கூறவேண்டியிருந்தது. நீராலையின் வருகையால் மாவரைக்கும் பெண்கள் இனி ஓய்வுறலாம் எனக் கிரேக்கக் கவிஞர் அந்திப்பாத்தர் மகிழ்ந்து பாடியதன் பொருத்தம் இப்பின்னணியில் நன்கு விளங்கும். அவர் கண்ட அதே நீராலை செயின்ற் ஆல்பன்சில் வேறொரு பொருள் கொண்டது. பொறி ஒன்றே, உடைமை வேறு, உறவு வேறு.

இவ்விடத்து ஒரு தடை எழலாம். கருவி நன்மை தீமை அற்றது, பயன்படுத்துவோனின் மனத்திலேயே அறம் தங்கியுள்ளது என்பர் சிலர். இக்கூற்று ஓரளவே உண்மையாகும். கலிபோர்னியாவின் கீரைத் தோட்டங்களிலும் பீற்றூட் தோட்டங்களிலும் தொழிலாளர், அவருள்ளும் பெரும்பாலும் மெக்சிக்கோ வழிவந்தோர், ஓரிரு அடி நீளமுள்ள பிடியுடைய களைகொட்டினைக் கொண்டு நாள் முழுதும் குனிந்தே வேலை செய்யவேண்டியிருந்தது. பயிருக்குச் சேதமின்றி நுணுக்கமாகக் களையெடுக்க அக்குட்டைப் பிடி அவசியம் என்றனர் தோட்ட உடைமையாளர். நிமிர்ந்து நிற்பவன் எவன் என்பதை மேற்பார்வையாளர் தொலைவிலிருந்தே கண்டுகொள்ள அது உதவிற்று என்றனர் தொழிலாளர். அதனால் முதுகெலும்பிற்கு ஏற்படும் நிலையான கேட்டினை மருத்துவர்கள் எடுத்துரைத்தனர். அரச பாதுகாப்புத் திணைக்களம் அதனைத் தடைசெய்ய மறுத்தது. 1975இல் அம்மாநில உயர்நீதிமன்றம் தொழிலாளர் சார்பில் தீர்ப்பளித்தமையைத் தொடர்ந்து அக்கருவி விலக்கப்பட்டது. அதன்பின் நீண்ட பிடியுடைய களைகொட்டு அத்தோட்டங்களிற் பயன்படலாயிற்று.

இரும்பு அலகு இரண்டிற்கும் ஒன்றே. வேறுபாடு பிடியின் நீளம் மட்டுமே. ஆயினும் அந்நீளத்திலேயே ஒருவரை ஒருவர் எவ்வாறு மதிக்கின்றனர் என்பது செதுக்கப்பட்டிருந்தது. எனவே கருவி அறத்திற்குப் புறம்பானதன்று. அதனை வடிவமைப்போர், உடைமையாக்குவோர், பிறர் கையில் திணிப்போர் ஆகியோரின் தீர்மானங்கள் அதன் உருவிலேயே உறைந்து கிடக்கின்றன.

எக்கருவி வரலாற்றை மிகுதியும் மாற்றியது என வினவுவோர், அதனுடன் வேறு மூன்று வினாக்களையும் எழுப்புதல் வேண்டும். அக்கருவி யாருடைய உழைப்பைக் குறைத்தது? அதனாற் கிட்டிய பயன் யாரைச் சேர்ந்தது? அதனைக் கைக்கொள்ளவோ மறுக்கவோ உழைப்போருக்கு உரிமை இருந்ததா? இவ்வினாக்களுக்கு உட்படுத்தி நோக்குமிடத்து, சக்கரத்திலும் அங்கவடியிலும் பார்க்கத் திரிகைக்கே யாம் முதலிடம் வழங்குவோம். போர்க்களங்களிலும் அரசவைகளிலும் அது இடம்பெற்றதில்லை. ஆனால் உணவு என்னும் அன்றாடத் தேவையின் நடுவே இருந்து, பெண்ணின் உழைப்பையும் பிரபுவின் ஆதிக்கத்தையும் மக்களின் எதிர்ப்பையும் அது ஒருங்கே வெளிப்படுத்தியுள்ளது.

இன்று கணினியும் தானியங்கிப் பொறிகளும் தொழிலுலகில் விரைந்து புகும் வேளையில், அவை எவ்வளவு வேகமாகச் செயற்படுகின்றன என்பதே பெரிதும் பேசப்படுகின்றது. அவற்றின் முன்னமர்ந்து உழைப்போர் நிமிர்ந்திருக்க முடிகின்றதா என்பதையும் சேர்த்து வினவுதல் கற்றோர் கடனாகும்.