தூண் போன வீடு

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு வீட்டைச் சில்லறையாக வாங்கலாம். பர்மாத் தேக்குத் தூண், கஜலட்சுமி செதுக்கிய நிலை, எனாமல் பாத்திரம், பித்தளைக் கைப்பிடி, யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணப் படம் என்று பழம்பொருள் கடைகளில் எல்லாம் அடுக்கியிருக்கும். வாங்குகிறவர் பெரும்பாலும் வெளியூரில் புது வீடு கட்டுகிறவர், அல்லது ஓட்டலுக்குப் பழமைத் தோற்றம் தேடுகிறவர். தூண் லாரி ஏறிப் போகும். அது தாங்கிய கூரை அடுத்த ஐப்பசியைத் தாண்டாது.

இதே செட்டிநாட்டில் விற்க மனமில்லாத பங்காளிகளும் உண்டு. கூரை ஒழுகுகிறது, சுவர் உப்புப் பூத்திருக்கிறது, வெளியூரிலிருந்து வரும் பேரப்பிள்ளைகள் படுக்கையறையோடு சேர்ந்த குளியலறை கேட்கிறார்கள். பழுது பார்க்கலாம், பின்னால் இரண்டு அறை சேர்க்கலாம் என்று பேச்சு எழும்போது செலவுக் கணக்குக்கும் முன்னால் ஒரு கேள்வி வந்து நிற்கிறது. மர உத்தரத்தை இறக்கிக் கான்கிரீட் போட்டு, ஆத்தங்குடிக் கல்லைப் பெயர்த்து டைல்ஸ் பதித்த பிறகு, அது ஐயா கட்டிய வீடுதானா?

தத்துவக்காரர்கள் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இதைக் கேட்டு வந்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் கேட்டது கப்பலையும் தேரையும் பற்றி. கப்பலில் பங்காளிச் சண்டை கிடையாது.

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கும் 1940களுக்கும் இடையில் எழுந்தவை. பணம், நகரத்தார் எனப்படும் செட்டியார்கள் பர்மா, மலேயா, இலங்கை ஆகிய நாடுகளில் நடத்திய வட்டித் தொழிலிலிருந்து வந்தது. 1930இன் பொருளாதார மந்தத்துக்குப் பிறகு கடன் கட்ட முடியாத பர்மிய உழவர்களின் வயல்கள் ஈடாகக் கைமாறின. அந்தப் பத்தாண்டின் இறுதியில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழக் கால்பங்கு நிலம் செட்டியார்கள் பெயரில் இருந்தது. 1942இல் ஜப்பானியப் படை வந்தது. 1948இல் பர்மாவின் நில தேசியமயச் சட்டம் வந்தது. வருமானம் நின்றது. வீடுகள் மட்டும் நின்றுகொண்டிருந்தன.

அந்த வீடுகள் ஒரே மூச்சில் கட்டி முடிக்கப்பட்டவை என்று நினைப்பது தவறு. முகப்பு, நடுமுற்றத்தோடு கூடிய வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும் வீட்டில், ஒவ்வொரு தலைமுறையும் கையில் காசு வந்தபோது எதையாவது சேர்த்தது. பழைய வளவுக்கு முன்னால் 1930களில் ஆர்ட் டெகோ பாணியில் முகப்பு வைத்த வீடுகள் உண்டு. இறக்குமதி ஓட்டுக்கும் இத்தாலியப் பளிங்குக்கும் பக்கத்தில், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த உள்ளூர்ச் சுண்ணாம்புப் பூச்சு இருக்கும். இன்று 'அசல்' என்று கண்ணில் ஒற்றிக்கொள்கிற பாதி, முந்தைய தலைமுறைப் பெரியவர்களை முகம் சுளிக்க வைத்த புதுமையாகத்தான் இருந்திருக்கும்.

மாற்றம் என்பது உண்மையில் என்ன என்பதற்குச் சமண ஆசிரியர் சமந்தபத்திரர் ஆப்தமீமாம்சை என்ற நூலில் ஓர் எடுத்துக்காட்டு தருகிறார். காஞ்சியோடும் தொடர்புபடுத்திச் சமண மரபு நினைவில் வைத்திருக்கும் ஆசிரியர் இவர். பொற்குடம் ஒன்றை உருக்கி மகுடம் செய்கிறார்கள். குடம் வேண்டியவன் அழுகிறான். மகுடம் வேண்டியவன் மகிழ்கிறான். பொன் மட்டும் வேண்டியவனுக்கு இரண்டுமில்லை. மூவரும் பார்த்தது ஒரே நிகழ்ச்சியை. மூவர் கண்டதும் மெய். அழிவு, பிறப்பு, நிலைபேறு மூன்றும் ஒரே பொருளில் ஒரே நேரத்தில் இருக்கின்றன என்பது அவர் வாதம்.

பங்காளிக் கூட்டம் எதற்காவது போய் உட்கார்ந்தவர்களுக்கு இந்த மூவரையும் பெயர் சொல்லி அடையாளம் காட்ட முடியும். ஒருவர் அப்பச்சி சாய்ந்திருந்த தூணைத் தொடக் கூடாது என்பார். ஒருவர் ஏசி பொருத்தாத வீட்டுக்குப் பிள்ளைகள் வரமாட்டார்கள் என்பார். மூன்றாமவர் சதுர அடி என்ன விலை போகிறது என்று கேட்பார். சண்டையில் யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் அதைத் தீர்க்க முடியாமல் செய்கிறது.

பௌத்தர்களின் விடை வேறு. மிலிந்தன் என்று பாலி மரபு சொல்லும் கிரேக்க அரசன் மெனாண்டரிடம் பௌத்தத் துறவி நாகசேனர் கேட்கிறார்: அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகத்தடி தேரா? எதுவுமில்லை, எல்லாம் கூடி நிற்கும்போது 'தேர்' என்று வழங்குகிறோம், அவ்வளவுதான். இன்னொரு இந்தியத் தத்துவ மரபினரான வைசேடிகர்களுக்கு இது போதவில்லை. முழுமை என்பது உறுப்புகளின் கூட்டத்துக்கு மேலான தனிப்பொருள் என்றார்கள். அதற்கு ஒரு விலையும் கொடுத்தார்கள்: ஓர் உறுப்பு போனாலும் பழைய முழுமை அழிந்து புதியது ஒன்று பிறக்கிறது. இவர்கள் கணக்கில், ஒரு நிலையைப் பெயர்த்த அன்றே ஐயா வீடு போய்விட்டது.

மேற்கில் புளூட்டார்க் சொன்ன தீசியஸின் கப்பல் பிரபலம். பலகை ஒவ்வொன்றாக மாற்றிய கப்பல் அது. 17ஆம் நூற்றாண்டில் தாமஸ் ஹாப்ஸ் அதில் ஒரு திருகு வைத்தார். கழித்த பழைய பலகைகளை ஒருவன் சேர்த்து வைத்து அதே வரிசையில் இன்னொரு கப்பல் கட்டினால், எது தீசியஸின் கப்பல்?

ஹாப்ஸ் கற்பனையாகக் கேட்டதற்கு மிக நெருக்கமான ஒன்றைச் சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் டிக்கெட் வாங்கிப் பார்க்கலாம். 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில், தென்னிந்தியாவின் பல பகுதிகளில் இடிபட இருந்த வீடுகள் பிரித்து எடுத்துவரப்பட்டு மீண்டும் எழுப்பப்பட்டுள்ளன. செட்டிநாட்டு வணிகர் வீடும் அவற்றில் ஒன்று. பள்ளிப் பிள்ளைகள் வந்து பார்க்கிறார்கள். கடை வாசலில் கிடப்பதைவிட அந்த மரத்துக்கு அது நூறு மடங்கு நல்ல கதி. ஆனாலும் அங்கே யாரும் முன்னோருக்குப் படைப்பு வைப்பதில்லை.

நகரத்தார் வழக்கில் படைப்பு சின்ன விஷயமில்லை. மணமான ஒவ்வொரு இணையும் ஒரு புள்ளி. மணமானதும் மகனை 'வேறு வைத்து'விடுவார்கள். வீடு ஒன்று, அடுப்புப் பல. வளவைச் சுற்றிய அறைகள் தனித்தனி, வளவோ எல்லோருக்கும் பொது. முன்னோருக்குப் படைப்பு என்றால் உலகின் எந்த மூலையில் இருந்தாலும் பங்காளிகள் அங்கே கூட வேண்டும். இந்தக் கடமை நடக்கிற இடம்தான் வீடு என்றால், சிமெண்டுக் கூரையும் மொசைக் தரையுமாக உருமாறிய கட்டடம்கூட ஐயா வீடுதான். ஒரு தூணும் மாறாமல் ஓட்டலாகிவிட்ட கட்டடம், அங்கே படைப்பு நின்றுபோயிருந்தால், வேறொன்று.

இது நல்ல விடை. கொஞ்சம் வசதியான விடையும்கூட. கடப்பாரையை எடுக்கிறவனுக்கு இதைவிட நல்ல அனுமதிச் சீட்டு கிடையாது.

கோயிலில் இந்த அனுமதிச் சீட்டு ஏற்கெனவே பயன்பட்டிருக்கிறது. குடமுழுக்குக்கு முன் பாலாலயம் செய்யும்போது இறையாற்றலைக் கும்ப நீருக்கோ அத்திப் பலகைக்கோ மாற்றி, அங்கே பூசையைத் தொடர்கிறார்கள். திருப்பணி முடிந்ததும் ஆற்றல் கருவறைக்குத் திரும்புகிறது. இடைப்பட்ட காலத்தில் கட்டடம் வெறும் கல். வழிபாடு அறுபடாதவரை கோயில் அறுபடவில்லை என்ற இந்த நம்பிக்கையோடுதான் 19, 20ஆம் நூற்றாண்டுகளில் நகரத்தார் பெரும் பொருள் செலவிட்டுப் பாடல்பெற்ற தலங்கள் பலவற்றைப் புதுப்பித்தார்கள். அவர்கள் இல்லையென்றால் பல கோயில்கள் புதராகியிருக்கும். அதே திருப்பணிகளில் பழைய சுவர்கள் பிரிக்கப்பட்டு, கல்வெட்டுகள் சிதறியும் தொலைந்தும் போயின என்று வரலாற்றாசிரியர்கள் குறைப்படுவதும் நியாயமே. கும்பத்துக்குள் இறைவன் இறங்குவான். நிலதானக் கணக்கு இறங்காது.

பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவி இதற்கு ஒரு வழி கண்டிருந்தார். கண்டராதித்தரின் தேவியும் உத்தம சோழனின் தாயுமான அவர், செங்கல் கோயில்கள் பலவற்றைக் கற்றளியாக்கியவர். திருக்கோடிகாவலில் பழைய கோயிலை மாற்றிக் கட்டியபோது, அங்கே கற்களில் இருந்த எழுத்துகளைப் புதுச் சுவரில் படியெடுத்து வெட்ட ஏற்பாடாயிற்று. பல்லவர் காலத்தவையும் அவற்றில் உண்டு. அதோடு, அவை பழைய கல்லைப் பார்த்து எழுதிய படி என்றும் சுவரிலேயே பொறித்துவைத்தார்கள். புதியதைப் பழையதாகக் காட்டவுமில்லை, பழையதை விழுங்கவுமில்லை. பழுது பார்த்தலில் நேர்மை என்றால் இதுதான்.

வீட்டுக்குக் கல்வெட்டு ஏது என்று கேட்கலாம். சுவரே கல்வெட்டுதான். மூன்றாம் கட்டில் புகை படிந்த உத்தரம், நெல் கொட்டிய அறை, விதவைகள் ஒதுங்கிய மூலை, வேலைக்காரர்கள் வந்துபோன பின்வாசல், தேக்கின் பின்னால் இருக்கிற பர்மிய உழவனின் கதை, எல்லாம் அதில் சேரும். ஆனால் புதுப்பிக்கிற குடும்பங்கள் பெரும்பாலும் காப்பாற்றுவது முகப்பை, அதாவது ஆண்கள் உட்கார்ந்து கணக்குப் பார்த்து விருந்தாளியை வரவேற்ற இடத்தை. பெண்கள் வாழ்நாள் முழுக்க உழைத்த பின்கட்டுகள்தான் முதலில் சரிகின்றன, அல்லது குளியலறைகளாகின்றன. பாரம்பரியம் என்று பாதுகாக்கப்படுவது பாதி வீடு.

'விரிவாக்கம்' என்பதையும் அறைக் கணக்காக மட்டும் பார்க்க முடியாது. 1989இல் தமிழ்நாடும் 2005இல் மத்திய அரசும் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, மகளுக்கும் கூட்டுக்குடும்பச் சொத்தில் சமபங்கு தந்தன. வழக்கப்படி மகள் கணவன் வீட்டுப் புள்ளி. சட்டப்படி பிறந்த வீட்டுப் பங்குக்காரி. வீட்டின் அடையாளம் கடமையில் இருக்கிறது என்று சொல்கிறவர்கள் பங்கு மட்டும் கொடுத்து, படைப்புக்கு அவளை விருந்தாளியாக அழைப்பது பொருந்தாது. பின்னால் இரண்டு அறை சேர்க்கிற வீடு அவளுடைய பெயரையும் பங்காளி வரிசையில் சேர்க்கட்டும்.

மற்றபடி மாற்றத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. சுண்ணாம்புச் சுவர் மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளே சிக்கி உப்பாகக் கிளம்பும் என்பதைக் கொத்தனாரிடம் சொல்லுங்கள். மற்றதை வசதிக்கு ஏற்றபடி செய்துகொள்ளுங்கள். ஆனால் கடப்பாரை படுவதற்கு முன் வீட்டை அளந்து வரைந்து, படமெடுத்து, எந்த அறையில் யார் படுத்தார்கள், எந்த அடுப்பு யாருடையது என்று மூத்த ஆச்சியிடம் கேட்டு எழுதி, ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு படி கொடுத்துவிடுங்கள். புதிதாகக் கட்டியதில் ஆண்டைப் பொறித்துவையுங்கள். வேலையை மூன்றாம் கட்டிலிருந்து தொடங்குங்கள். முகப்பைத்தான் ஊரே படம் எடுத்துவிட்டதே.