காலி அறை

1873இல் வந்த கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வரில் ஆறு அறைகள். விவரம் தெரிந்தவர்கள் ஐந்தில்தான் தோட்டா போடுவார்கள். ஹேமருக்கு நேரே உள்ள அறை காலி. கைதவறி விழுந்தால் வெடித்துவிடக் கூடாதே. 1973இல் ரூகர் கம்பெனி அந்தக் கவனத்தை இயந்திரத்துக்குள்ளேயே வைத்தது: விசையை இழுக்காமல் அடி தோட்டாவுக்குப் போகாது.

பொழுதுபோக்காகச் சுடுபவர் பழையதன் அச்சு அசல் நகலை வாங்குவதா, புதிய அமைப்பையா? "பழசுதான் ஒழுக்கம் கத்துக்கொடுக்கும்" என்பார்கள். சரி, அந்த ஒழுக்கம் தவறுற அன்னைக்கு குண்டு யார் மேல படும்? பக்கத்துல நிக்கிறவர் மேலயும் படலாம். அவரைக் கேட்டா தேர்வு செஞ்சோம்?

பிரிக்பீல்ட்ஸ்காரனுக்கு இது பெரும்பாலும் ஏட்டளவுக் கேள்விதான். நம் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, சுடவே சுடாத போலித் துப்பாக்கியை வைத்திருந்தாலும் குற்றமாகலாம். மிகையாகத் தோன்றும். ஆனால் குழலுக்கு எதிரே நிற்பவருக்கு அசல் எது, போலி எது என்று தெரியுமா? பொருள் நம் கையில் இருக்கிறது. அதன் நியாயத்தை எதிரே நிற்பவரின் இடத்திலிருந்துதான் பார்க்க வேண்டும்.