தராசு ஒன்றே இருக்கட்டும்!

புகழனைத்தும் வானங்களையும் பூமியையும் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்கள்தம் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



தாமிரபரணி ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் புன்னக்காயல் இருக்கிறது. அதற்குச் சற்றுத் தெற்கே காயல்பட்டினம் இருக்கிறது. அங்கே கோயில் மணி, இங்கே பாங்கோசை. கடலும் ஒன்று, காற்றும் ஒன்று, பேசும் தமிழும் ஒன்று. இப்படி அடுத்தடுத்து வாழும் மக்களிடையே மார்க்கப் பேச்சு எழாமல் இராது. எழுவதில் தவறும் இல்லை. அண்மைக் காலமாக நம் இளைஞர்களில் சிலர் கேட்கும் கேள்வி இது: “பைபிளின் முதல் இரண்டு பக்கங்களிலேயே உலகம் படைக்கப்பட்ட வரலாறு இரண்டு விதமாக வருகிறதே! ஒன்றுக்கொன்று முரண்படுகிறதே! இதைச் சொல்லி அவர்கள் வாயை அடைத்து விடலாமா?”

இந்தக் கேள்வியில் இரண்டு கேள்விகள் அடங்கியிருக்கின்றன. முரண்பாடு உண்டா என்பது ஒன்று. அது அறிவைச் சார்ந்தது. வாயை அடைக்கலாமா என்பது மற்றொன்று. அது அதபைச் சார்ந்தது. முதலாவதைச் சரியாக அறிந்தால்தான் இரண்டாவதற்கு விடை கிடைக்கும்.

முதலில் அந்த நூல் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்கள் அதை ஆதியாகமம் என்பார்கள். கத்தோலிக்கர்கள் கையிலுள்ள 1995ஆம் ஆண்டுப் பொது மொழிபெயர்ப்பில் அதன் பெயர் தொடக்கநூல். அதன் முதல் அதிகாரத்தில் படைப்பு ஆறு நாட்களாகப் பகுக்கப்பட்டிருக்கிறது. முதல் நாள் ஒளி. இரண்டாம் நாள் வானம். மூன்றாம் நாள் நிலமும் செடிகொடிகளும். நான்காம் நாள் சூரியனும் சந்திரனும் நட்சத்திரங்களும். ஐந்தாம் நாள் மீன்களும் பறவைகளும். ஆறாம் நாள் விலங்குகள், அதன்பின் ஆணும் பெண்ணுமாக மனிதர். ஏழாம் நாள் ஓய்வு.

இரண்டாம் அதிகாரத்தின் நான்காம் வசனத்திலிருந்து வேறொரு விவரம் தொடங்குகிறது. அங்கே நாள் கணக்கு இல்லை. மழை பெய்யாததாலும், நிலத்தைப் பண்படுத்த மனிதன் இல்லாததாலும் வயல்வெளியில் செடி முளைக்கவில்லை என்று வருகிறது. முதலில் மண்ணிலிருந்து மனிதன் உருவாக்கப்படுகிறான். பிறகு தோட்டமும் மரங்களும். மனிதன் தனித்திருப்பது நன்றன்று என்று விலங்குகளும் பறவைகளும் உருவாக்கப்பட்டு அவன்முன் கொண்டு வரப்படுகின்றன. அவற்றில் தகுந்த துணை கிடைக்காதபோது, இறுதியாக அவன் விலா எலும்பிலிருந்து பெண் உருவாக்கப்படுகிறாள். இறைவனைக் குறிக்கும் சொல்லுங்கூட மாறுகிறது. முன்னதில் கடவுள் என்று மட்டும் வருவது, பின்னதில் ஆண்டவராகிய கடவுள் என்று வருகிறது.

ஆக, வரிசை வேறுபடுகிறது என்பது கண்ணால் காணும் உண்மை. முதலாவதில் செடியும் விலங்கும் முந்தி, மனிதன் பிந்தி. இரண்டாவதில் மனிதன் முந்தி, மரமும் விலங்கும் பிந்தி. இதை நாம் கண்டுபிடித்ததாக எண்ணிப் பெருமை கொள்ள வேண்டியதில்லை. 1753லேயே ஷான் அஸ்த்ருக் என்ற பிரெஞ்சு வைத்தியர், இறைவனின் பெயர் மாறுவதை வைத்து, இந்த நூல் வெவ்வேறு மூலக் குறிப்புகளிலிருந்து தொகுக்கப்பட்டது என்று எழுதினார். அடுத்த நூற்றாண்டில் ஜெர்மனியின் வெல்ஹவுசன் போன்ற அறிஞர்கள் இதை விரிவாக்கினர். அவர்கள் கிறிஸ்தவ உலகைச் சேர்ந்தவர்களே. 1943ல் போப் பன்னிரண்டாம் பயஸ், வேத நூல்களின் எழுத்து வகைகளை ஆராய்ந்து பொருள் கொள்ளும்படி தம் அறிஞர்களை ஊக்குவித்தார். இவை இரு வேறு மரபுகளிலிருந்து வந்த விவரங்கள் என்று இன்று கத்தோலிக்க அறிஞர்கள் பலர் வெளிப்படையாகவே எழுதுகிறார்கள்.

முரண்பாடே இல்லை என்பவர்களும் அவர்களில் உண்டு. “முதல் அதிகாரம் முழு உலகின் சுருக்கம், இரண்டாம் அதிகாரம் ஆறாம் நாளின் விரிவு. முளைக்காதிருந்தது பயிரிடும் செடிதான். விலங்குகளை ‘உருவாக்கினார்’ என்பதற்கு ‘முன்பே உருவாக்கியிருந்தார்’ என்று பொருள் கொள்ள வேண்டும்” என்பது அவர்கள் விளக்கம். இதில் எவ்வளவு நிற்கும்? ஆண் பெண் படைப்பைப் பொறுத்தவரை சுருக்கமும் விரிவும் என்பது பொருந்துகிறது. செடி பற்றிய விளக்கத்துக்கும் ஓரளவு இடமுண்டு. விலங்குகளைப் பற்றிய விளக்கம்தான் இடறுகிறது. துணை வேண்டும் என்று சொன்ன பிறகே விலங்குகள் உருவாக்கப்படுவதாக வாசகம் செல்கிறதே தவிர, முன்பே இருந்தவற்றை அழைத்து வந்ததாகச் செல்லவில்லை.

ஆகவே நேர்மையான விடை இதுதான்: இரண்டையும் கால வரிசையிலான நடப்பாக வாசிப்பவருக்கு முரண்பாடு தெரியும். ஒன்று இறைவனின் வல்லமையையும் மற்றொன்று மனிதனின் நிலையையும் போதிக்கும் இரு பாடங்கள் என்று வாசிப்பவருக்கு அது முரண்பாடாகத் தெரியாது. இதற்கு மேல் நாம் கூட்டியும் சொல்ல வேண்டாம். குறைத்தும் சொல்ல வேண்டாம்.

இனி நம் பக்கம் திரும்புவோம். அளவில் மோசம் செய்வோருக்குக் கேடு என்று அல்லாஹ் எச்சரிக்கிறான். பிறரிடம் வாங்கும்போது நிறைவாக அளந்து வாங்குவதும், தாம் கொடுக்கும்போது குறைத்து அளப்பதும் அவர்கள் செயல் என்று அங்கே விளக்கமும் வருகிறது (83:1-3). கடற்கரையில் மீன் வாங்குபவருக்கும் கடையில் அரிசி விற்பவருக்கும் மட்டுமா இந்த எச்சரிக்கை? வாதம் செய்யும் நாவுக்கும் ஒரு தராசு உண்டல்லவா?

திருக்குர்ஆனை ஓதுங்கள். வானங்களும் பூமியும் ஆறு நாட்களில் படைக்கப்பட்டதாகப் பல இடங்களில் வருகிறது. ஹாமீம் ஸஜ்தா அத்தியாயத்திலோ பூமியைப் படைக்க இரண்டு நாட்கள், மலைகளும் உணவுகளும் அமைய நான்கு நாட்கள், ஏழு வானங்களுக்கு இரண்டு நாட்கள் என்று வருகிறது (41:9-12). மேலெழுந்தவாரியாகக் கூட்டினால் எட்டு! நம் விரிவுரையாளர்கள் இதை விளக்கியிருக்கிறார்கள். நான்கு என்பது முதல் இரண்டையும் சேர்த்த மொத்தம். “திருநெல்வேலியிலிருந்து ஸ்ரீவைகுண்டத்துக்கு ஒரு மணி நேரம், ஆத்தூருக்கு இரண்டு மணி நேரம்” என்று ஒருவர் சொன்னால் மூன்று மணி நேரம் என்றா கூட்டுகிறோம்? முதல் மணி இரண்டாவது கணக்கில் அடங்கிவிட்டது என்று அறிகிறோம் அல்லவா? இது மொழி வழக்கு. விளக்கம் வசனத்துக்குள்ளிருந்தே வருகிறது.

அவ்வாறே, பூமியைப் படைத்த பின் வானத்தின்பால் நாடியதாக ஓரிடத்திலும் (2:29), வானத்தை அமைத்த பின் பூமியை விரித்ததாக மற்றோரிடத்திலும் (79:27-30) வருகிறது. ஹழ்ரத் இப்னு அப்பாஸ் ரலியல்லாஹு அன்ஹு அவர்களிடம் ஒருவர் இதைப் பற்றியே கேட்டார். புகாரி ஷரீபில் இது பதிவாகியிருக்கிறது. அவர்கள் கோபித்துக் கொள்ளவில்லை, கேட்டவரை விரட்டவுமில்லை. பூமி முதலில் இரண்டு நாட்களில் படைக்கப்பட்டது, பின் வானம் சீராக்கப்பட்டது, அதன் பின் நீரும் மேய்ச்சலும் மலைகளும் அமையப் பூமி விரிக்கப்பட்டது என்று பொறுமையாக விளக்கினார்கள்.

சகோதரர்களே! நம் வேதத்தில் இப்படி ஒன்று வரும்போது, “சேர்த்து வாசியுங்கள், மொழி வழக்கைப் பாருங்கள், ஆலிம்களைக் கேளுங்கள்” என்கிறோம். அது முறையே. அடுத்தவர் தம் வேதத்துக்கு அதே முறையில் விளக்கம் சொல்ல வந்தால் மட்டும், “சப்பைக்கட்டு” என்று எப்படிச் சொல்லலாம்? விளக்கத்தைக் கேட்க வேண்டும். வாசகத்துக்குப் பொருந்தினால் ஒப்ப வேண்டும். பொருந்தாவிட்டால் ஏன் பொருந்தவில்லை என்று கண்ணியமாகச் சொல்ல வேண்டும். இரண்டு வேதங்களும் ஒரே நிலையில் பாதுகாக்கப்பட்டவை என்று நான் சொல்லவில்லை. குர்ஆன் பாதுகாக்கப்பட்டது, முந்திய வேதங்களில் மனிதர் கை புகுந்தது என்பதே நம் ஈமான். ஆனால் அந்த ஈமானுக்குக் கள்ளத் தராசின் உதவி தேவையில்லை!

நம் முன்னோர் இந்தத் தராசைத் தம்மவர் மீதும் பிரயோகித்தார்கள். மண் சனிக்கிழமை படைக்கப்பட்டது என்று தொடங்கி, ஏழு நாட்களுக்கும் கணக்குச் சொல்லும் ஓர் அறிவிப்பு ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. ஆறு நாட்கள் என்ற குர்ஆனின் கூற்றோடு அது ஒத்து வராததை ஹதீஸ் கலை வல்லுநர்கள் கவனித்தார்கள். இமாம் புகாரி ரஹ்மத்துல்லாஹி அலைஹி அவர்கள், இது நபிமொழியன்று, முன்பு யூத அறிஞராயிருந்து இஸ்லாத்தைத் தழுவிய கஅபுல் அஹ்பார் அவர்களின் கூற்று என்பதே சரி என்ற கருத்தைத் தம் தாரீகில் பதிவு செய்தார்கள். தம் கையிலிருப்பதை முதலில் நிறுத்துப் பார்த்தவர்களின் வழிவந்தவர்கள் நாம்.

1854ல் ஆக்ராவில் பாதிரியார் பாண்டருடன் வாதம் புரிந்த மௌலானா ரஹ்மத்துல்லாஹ் கைரானவி அவர்களை எல்லோரும் புகழ்கிறோம். அவர்கள் மேடை ஏறும் முன் என்ன செய்தார்கள்? ஆங்கிலம் அறிந்த டாக்டர் வஸீர்கானின் துணையோடு கிறிஸ்தவ அறிஞர்களின் நூல்களையே தேடிக் கற்றார்கள். வாதத்தின் சூட்டை மட்டும் எடுத்துக்கொண்டு உழைப்பை விட்டுவிடுவது அவர்களைப் பின்பற்றுவதாகாது.

கேலி பேசும் நாவு எங்கே போய் முட்டும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். “எலும்பிலிருந்து பெண்ணா?” என்று சிரிக்கிறார்கள் சிலர். பெண் விலா எலும்பிலிருந்து படைக்கப்பட்டாள் என்பது புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் நபிமொழியில் இருக்கிறதே! அதை நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் எதற்காகச் சொன்னார்கள்? பெண்களிடம் நல்லவிதமாக நடந்து கொள்ளுங்கள் என்று உபதேசிப்பதற்காகச் சொன்னார்கள். அறியாமல் சிரித்தவர் யாரைப் பார்த்துச் சிரித்தார் என்று எண்ணிப் பார்க்கட்டும்! பிறர் வணங்குபவற்றைத் திட்டாதீர்கள், அறியாமையால் அவர்கள் அல்லாஹ்வைத் திட்டிவிடுவார்கள் (6:108) என்ற கருத்துடைய எச்சரிக்கை இத்தகைய நாவுகளுக்கே.

இந்தக் கடற்கரைக்கு இந்த எச்சரிக்கை மிகவும் தேவை. முத்துக்குளிப்பில் எழுந்த போட்டியும், போர்த்துகீசியரின் பீரங்கியும் சேர்ந்து 16ஆம் நூற்றாண்டில் இரு சமூகத்தாரையும் எதிரெதிரே நிறுத்தின. 1538ல் வேதாளையில் இரத்தம் சிந்தியது. அப்போது யாரும் ஆதியாகமத்தைப் பற்றி வாதம் செய்யவில்லை. ‘தம்பிரான் வணக்கம்’ என்ற தமிழ் நூலை 1578ல் கொல்லத்தில் அச்சிட்ட பாதிரியார் அன்றிக் அன்றிக்கஸ் இந்தக் கரையில் வெகுகாலம் பணிபுரிந்து, 1600ல் புன்னக்காயலில் இறந்தார். அவர் அச்சிட்டதும் ஞானோபதேசமே தவிர ஆதியாகமம் அன்று. தரங்கம்பாடியில் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்ததே 1715ல்தான்; பழைய ஏற்பாடு அதற்கும் பின்பு. இன்றோ இரு தரப்பார் கையிலும் தமிழில் வேதம் இருக்கிறது. வாசிக்கத் தெரிந்த அண்டை வீட்டார்களாக இருக்கிறோம். கிடைத்த இந்த நிஃமத்தைப் பழைய பகையை விசிறிவிடப் பயன்படுத்தலாமா?

அப்படியானால் நம் நிலைதான் என்ன? யூதர்கள் தவ்ராத்தை ஓதி விளக்கம் சொன்னபோது, அவர்களை உண்மைப்படுத்தவும் வேண்டாம், பொய்ப்படுத்தவும் வேண்டாம், அல்லாஹ்வையும் அவன் அருளியவற்றையும் நம்பினோம் என்று சொல்லுங்கள் என்பதாக நாயகம் அவர்கள் கற்பித்தார்கள். இதை உலமாக்கள் மூன்றாக வகுத்தார்கள். குர்ஆன் மெய்ப்பிப்பதை ஏற்போம்: படைத்தவன் ஒருவன், ஆதம் அலைஹிஸ்ஸலாம் மண்ணிலிருந்து வந்தார்கள். குர்ஆன் மறுப்பதை மறுப்போம். குர்ஆன் மௌனம் சாதிப்பதில் நாமும் நாவடக்குவோம்.

மறுப்பதற்கு இந்த வரலாற்றிலேயே ஓரிடம் உண்டு. ஏழாம் நாள் இறைவன் ஓய்ந்திருந்தான் என்பதைக் களைப்பு தீர ஓய்வெடுத்ததாகக் கொண்டால் அதை நாம் ஏற்க முடியாது. வானங்கள், பூமி, இடையிலுள்ளவை அனைத்தையும் ஆறு நாட்களில் படைத்தும் தன்னைக் களைப்பு தீண்டவில்லை என்று அல்லாஹ் தெளிவாக்குகிறான் (50:38). இங்கும் தராசை மறவாதீர்கள். ஓய்வு என்பது வேலை முடிந்ததைக் குறிக்கும் சொல் என்று கிறிஸ்தவ அறிஞர்கள் விளக்குகிறார்கள். இறைவன் சோர்வதில்லை என்று ஏசாயா நூலின் 40ஆம் அதிகாரமும் சொல்கிறது. “அப்படியானால் இதில் நாமிருவரும் ஒன்றுபடுகிறோம்” என்று சொல்ல நமக்கு என்ன தடை? வேதக்காரர்களுடன் அழகிய முறையிலன்றி வாதிக்க வேண்டாம் (29:46) என்பதன் நடைமுறை இதுவே.

களைப்பு தீண்டவில்லை என்ற வசனத்துக்கு அடுத்த வசனம் என்ன கட்டளையிடுகிறது? அவர்கள் சொல்வதை வைத்து மேடை போடு என்றா? இல்லை. அவர்கள் சொல்வதைப் பொறுத்துக்கொள், சூரியன் உதிக்குமுன்னும் மறையுமுன்னும் உன் இரட்சகனைப் புகழ்ந்து தஸ்பீஹ் செய் என்பதே அதன் கருத்து (50:39). இதை ஃபஜ்ரும் அஸ்ரும் என்று விளக்கினார்கள். பௌர்ணமி நிலவைக் காட்டி, மறுமையில் இறைவனைக் காண்பது பற்றிச் சொன்ன நாயகம் அவர்கள், இந்த இரு தொழுகைகளையும் தவற விடாதிருக்க முயலுங்கள் என்று கூறி, இந்த வசனத்தையே ஓதினார்கள்.

படைப்பின் வரலாற்றைப் பற்றி இரவு பன்னிரண்டு மணி வரை வாதித்துவிட்டு, படைத்தவனுக்குரிய ஃபஜ்ரில் உறங்கிக் கிடப்பவன் வென்றவனா, தோற்றவனா? புன்னக்காயல் மீனவர் விடியுமுன் வலையோடு எழுந்து கடலுக்குச் செல்லும் நேரத்தில் நம் பிள்ளைகள் பள்ளிவாசலின் முதல் ஸப்பில் நிற்கட்டும். அண்டை வீட்டார் நம் மார்க்கத்தை அறிய அதைவிடத் தெளிவான விளக்கவுரை வேறில்லை.

நாவிலும் தராசிலும் நீதி தவறாத நன்மக்களாக வாழ வல்ல நாயன் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.