மறதியுற்ற தாயும் விமானப் பயணமும்

"தாயாருக்கு மறதி நோய் முற்றிவிட்டது, பெற்ற மக்களின் பெயர்கூட நினைவில்லை. உம்ராவுக்கு விமானத்தில் அழைத்துப் போவது நன்மைதானே?" என்று ஆரணியில் சில சகோதரர்கள் கேட்கிறார்கள்.

ஆசை நல்லதே. ஆனால் அது யாருடைய ஆசை? அறிவு நீங்கியவர்மீது தொழுகையே கடமையில்லை என்றிருக்க, பயணம் எப்படிக் கடமையாகும்? ஹிஜ்ரி 10-ல், ஹத்அம் கோத்திரத்துப் பெண்மணியொருவர், வாகனத்தில் நிலையாக அமர முடியாத தம் முதிய தந்தையைப் பற்றி நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டார். தந்தைக்காக மகளே ஹஜ்ஜுச் செய்ய அனுமதித்தார்கள். எப்படியாவது அவரைக் கூட்டி வா என்று சொல்லவில்லை. அந்தத் தந்தைக்கு உடல் இயலவில்லை. இந்தத் தாய்க்கு உள்ளம் இயலவில்லை.

சென்னையிலிருந்து ஜித்தாவுக்கு ஏறக்குறைய 6 மணி நேரம் பறக்க வேண்டும். மீனம்பாக்கம் போய்க் காத்திருப்பது தனி. தறிச்சத்தமும் வீட்டுத் திண்ணையுமே உலகமாகிவிட்டவருக்குப் புதிய இடமும் முகங்களும் அச்சத்தையே தரும். "வீட்டுக்குப் போகணும்" என்று அழுதால் நடுவானில் என்ன செய்வீர்கள்? கழிவறைக்கு மகன் துணை போக முடியுமா?

நோய் தொடக்கத்தில் இருந்து, அவரே விரும்பினால், வைத்தியரைக் கேட்டு, மகளையும் உடன் அழைத்து, சக்கர நாற்காலிக்கு முன்பே சொல்லி, பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய வளையத்தைக் கையிலிட்டுப் போகலாம். முற்றிவிட்டதெனில், பதல் செய்வது பற்றி உங்கள் ஆலிமிடம் கேளுங்கள்.

ஊரார் மெச்சும் பயணத்தைவிட, தாய் அஞ்சாமல் உறங்கும் இரவே மேல். அவர் நம் பெயரை மறந்தாலும், அவருடைய உரிமையை நாம் மறக்கலாகாது. அல்லாஹ் நமக்கு அந்த நல்லுணர்வைத் தந்தருள்வானாக! ஆமீன்.